பேஸ்பால் பிளே ஆஃப்: உங்களுக்கு மறக்காத ஆட்டம் எதுங்க?

சிங்காநல்லூர்க்காரன்:
வணக்கங்க. நான் பேஸ்பால் பக்கம் வந்ததே 2024ல் தான். அமெரிக்க கம்பெனிக்கு நைட் ஷிஃப்ட், வேலை முடிந்து வீட்டுக்கு வரும் நேரம் அங்கே வேர்ல்டு சீரிஸ் (கோப்பைக்கான இறுதி, முதலில் நாலு ஆட்டம் ஜெயிப்பவருக்கு) ஆரம்பிக்கும், அப்படியே பழகிவிட்டது. அந்த வருஷம் ஐந்தாவது ஆட்டம் நமக்கு தீபாவளி காலை. தலையில் எண்ணெய் வழிய ஃபோனைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன், அம்மா சீயக்காய்க் கிண்ணத்தோடு நின்று கத்துகிறார், டாட்ஜர்ஸுக்கு எதிராக யாங்கீஸ் 5-0 முன்னிலை. சரி, முடிந்தது, குளிக்கப் போகலாம் என்றால் ஐந்தாவது இன்னிங்ஸில் யாங்கீஸின் பெரிய ஸ்டார் ஆரன் ஜட்ஜ் கைக்கு நேரா வந்த லட்டு கேட்சை விடுகிறார், வோல்பி மூன்றாவது பேஸுக்கு எறிந்த பந்து தரையில் குத்துகிறது, அப்புறம் டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸ் உருட்டிய பந்தை முதல் பேஸ்மேன் எடுத்துப் பார்த்தால் பேஸில் ஆளே இல்லை, ஓடி வரவேண்டிய பிட்சர் (பந்து எறிபவர்) கெரிட் கோல் பாதியில் நின்று கை காட்டுகிறார். ஐந்து ரன்னும் காலி. டாட்ஜர்ஸ் 7-6, கோப்பையும் அவர்களுக்கே.

பழைய ஆட்டங்களில் முழுசா உட்கார்ந்து பார்க்க வேண்டியது எது? ஹைலைட்ஸ் வேண்டாம். அப்புறம், பெரிய பேர் வாங்கின ஆட்கள் அக்டோபர் பிளே ஆஃப் வந்தால் சொதப்பத்தான் செய்வார்கள் என்று எங்கள் டீமில் ஒரு அண்ணன் அடித்துச் சொல்கிறார். நிஜமாங்க?

பனியன் ஊர்:
2011 வேர்ல்டு சீரிஸ், ஆறாவது ஆட்டம், கார்டினல்ஸ் - ரேஞ்சர்ஸ். வேறு பேச்சே இல்லை தம்பி. நான் அப்போது டாலஸில் இருந்தேன், ரேஞ்சர்ஸ் ரசிகன், அதனால் வயிறு எரிந்துகொண்டேதான் இதைச் சொல்கிறேன். சீரிஸில் ரேஞ்சர்ஸ் 3-2 முன்னிலை, ஒன்பதாவது (கடைசி) இன்னிங்ஸ் முடிவில் ஆட்டத்திலும் 7-5 முன்னிலை, இரண்டு அவுட், இரண்டு ஸ்ட்ரைக் (மூன்று ஸ்ட்ரைக் ஆனால் ஒரு அவுட், மூன்று அவுட் ஆனால் இன்னிங்ஸ் முடிந்தது). இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் முதல் கோப்பை. கார்டினல்ஸின் டேவிட் ஃப்ரீஸ் அடித்த பந்து ரேஞ்சர்ஸ் ஃபீல்டர் நெல்சன் க்ரூஸ் தலைக்கு மேல் போய் சுவரில் மோதியது, பேஸில் நின்ற இரண்டு பேரும் ஹோமுக்கு ஓடிவந்து 7-7. பத்தாவதில் ரேஞ்சர்ஸின் ஜாஷ் ஹாமில்டன் ஹோம் ரன், மறுபடி 9-7. மறுபடி இரண்டு அவுட், இரண்டு ஸ்ட்ரைக், லான்ஸ் பெர்க்மன் ஒரு சிங்கிள் தட்டி சமன் செய்துவிட்டார். பதினொன்றாவதில் அதே ஃப்ரீஸ் நடு மைதானத்துக்குப் பின்னால் தூக்கி அடித்து 10-9. இந்த ஃப்ரீஸ் பெரிய ஸ்டார் எல்லாம் கிடையாது, செயின்ட் லூயிஸ் பக்கத்திலேயே வளர்ந்த உள்ளூர்ப் பையன்.

ஓடி வந்தவரை மற்றவர்கள் பிடித்து ஜெர்சியை நார் நாராகக் கிழித்தார்கள் பாருங்க, அந்தக் கிழிசல் இப்போது கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் மியூசியத்துக்குப் போய்விட்டது. நம்ம தொழிலில் ஒரு தையல் விட்டாலே பையர் லாட்டையே திருப்பி அனுப்புகிறான்!

2023ல்தான் ரேஞ்சர்ஸுக்கு முதல் கோப்பை. வேர்ல்டு சீரிஸ் முதல் ஆட்டத்தில் ஒன்பதாவதில் எங்க கோரி சீகர் அடித்த ஹோம் ரன்னைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார், திருப்பூரில் யாருக்குப் போய் விளக்குவது சொல்லுங்க.

ஈரோட்டுப் பொண்ணு:
பெரிய ஆட்கள் சொதப்புவார்கள் என்று சொன்ன அந்த அண்ணனுக்கு 2014 ஏழாவது ஆட்டத்தைப் போட்டுக் காட்டுங்க. வேர்ல்டு சீரிஸ், பிட்சர் மேடிசன் பம்கார்னர், ஜயன்ட்ஸ் டீம், எதிரே கான்சாஸ் சிட்டி. ஐந்தாவது ஆட்டத்தில் 117 பந்து எறிந்து முழு ஆட்டத்தையும் முடித்தவர். இரண்டே நாள் ஓய்வு. ஏழாவது ஆட்டத்தில் ஐந்தாவது இன்னிங்ஸில் உள்ளே வந்து மேலும் ஐந்து இன்னிங்ஸ், 68 பந்து, ஒரு ரன் கூடத் தரவில்லை.

எனக்குப் பிடித்தது ஒன்பதாவதுதான். ஜயன்ட்ஸ் 3-2 முன்னிலை, இரண்டு அவுட், கான்சாஸ் சிட்டியின் அலெக்ஸ் கார்டன் அடித்த பந்தை நடு மைதானத்தில் விட்டுவிட்டார்கள், அது சுவர் வரை உருண்டது, கார்டன் மூன்றாவது பேஸில். அங்கிருந்த கோச் கை காட்டி நிறுத்திவிட்டார். ஓடவிட்டிருக்கலாம் என்று கான்சாஸ் சிட்டிக்காரர்கள் அங்கலாய்ப்பார்கள். போங்க, பந்து ஏற்கெனவே ஷார்ட்ஸ்டாப் கிராஃபோர்ட் கைக்கு வந்தாச்சு, ஓடியிருந்தால் பத்தடிக்கு முன்னாலேயே அவுட். அடுத்து வந்தவர் சால்வடோர் பெரெஸ். அந்த சீரிஸ் முழுக்க பம்கார்னர் 21 இன்னிங்ஸில் கொடுத்த ஒரே ரன்னே இந்த பெரெஸ் அடித்த ஹோம் ரன்தான். ஆளுக்கு ஆள் தெரிந்த பகை, என்ன ஆகும் என்று நெஞ்சு படபடக்கும். பம்கார்னர் எல்லாம் உயரப் பந்தாகவே போட்டார், பெரெஸ் ஏமாந்து சுற்றிச் சுற்றி, கடைசியில் ஓரத்தில் தூக்கிவிட, சாண்டோவால் பிடித்துக்கொண்டு அப்படியே மல்லாந்து விழுந்தார்.

பொள்ளாச்சி மாமா:
எல்லாம் சரிங்க. ஆனா தம்பி 2024ல் பார்த்த அந்த டாட்ஜர்ஸ் மேனேஜர் யாரு? டேவ் ராபர்ட்ஸ். அவர் ஆட்டக்காரராக ஒரே ஒரு பேஸ் திருடியதற்காகவே (பிட்சர் பந்து போடும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) பாஸ்டனில் இன்னைக்கும் அவரைக் கொண்டாடுகிறார்கள். 2004, வேர்ல்டு சீரிஸுக்கு முந்தைய அமெரிக்கன் லீக் இறுதி, பாஸ்டனுக்கு எதிராக யாங்கீஸ் 3-0 முன்னிலை, நாலாவது ஆட்டத்தின் ஒன்பதாவதிலும் யாங்கீஸ் 4-3, பந்து போடுவது அவர்களுடைய மரியானோ ரிவேரா. பாஸ்டனின் கெவின் மிலார் 'வாக்'கில் (நாலு தப்புப் பந்துக்கு ஓசியில் கிடைப்பது) முதல் பேஸுக்குப் போனதும் அவருக்குப் பதில் ஓட ராபர்ட்ஸை இறக்கினார்கள். ஓடப் போகிறார் என்று அரங்கத்தில் உள்ள கடலை விற்கிறவனுக்குக் கூடத் தெரியும். ரிவேரா மூன்று தடவை முதல் பேஸுக்கு எறிந்து பயமுறுத்தினார். பேட்டருக்குப் போட்ட முதல் பந்திலேயே ஓடினார் பாருங்க, நூலிழையில் சேஃப். பில் மில்லர் சிங்கிள், சமன். பன்னிரண்டாவதில் டேவிட் ஆர்டிஸ் ஹோம் ரன். அப்புறம் தொடர்ந்து ஜெயித்து 1918க்குப் பிறகு முதல் கோப்பை. வேர்ல்டு சீரிஸில் ராபர்ட்ஸ் களம் இறங்கவே இல்லை என்பதுதான் கூத்து.

சிங்காநல்லூர்க்காரன்:
ரொம்ப நன்றிங்க. அப்போ ஜட்ஜ் விஷயம்? அண்ணன் விடமாட்டேங்கிறார்.

ஈரோட்டுப் பொண்ணு:
2025 பிளே ஆஃபில் டொரான்டோவுக்கு எதிரான யாங்கீஸின் மூன்றாவது ஆட்டம் பார்க்கச் சொல்லுங்க. 6-1 பின்தங்கி இருந்த இடத்திலிருந்து ஏறி வரும்போது, உடம்புக்குள் வந்த நூறு மைல் பந்தை ஜட்ஜ் இடது பக்க எல்லைக் கம்பத்தில் ஹோம் ரன்னாக அடித்து 6-6 ஆக்கினார். அடுத்த ஆட்டம் தோற்று வெளியே போனதால் அதைப் பேச ஆளில்லை, அந்த விட்ட கேட்ச் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. 2016 வேர்ல்டு சீரிஸ் ஏழாவது ஆட்டத்தில் கிளீவ்லாண்டின் ரஜாய் டேவிஸ் கதையும் இதேதான். எட்டாவதில் பிட்சர் சாப்மன் பந்தை ஹோம் ரன் அடித்து கப்ஸுக்கு எதிராக 6-6 ஆக்கியவர், பத்தாவதிலும் ஒரு ரன் கொண்டுவந்தார். கிளீவ்லாண்ட் 8-7ல் தோற்றது, 108 வருஷம் கழித்து கப்ஸ் கோப்பை வாங்கிய கதையில் அவர் பெயர் அடியில் போய்விட்டது.

பனியன் ஊர்:
அந்த ஆட்டத்தைப் பார்ப்பதென்றால் நடுவில் 17 நிமிஷம் மழைக்கு நிறுத்துவார்கள், அப்போ குளிச்சுட்டு வந்துருங்க தம்பி.