மானிட்டர் 2 செகண்டில் இருட்டாகுது: டியூபா, இன்வெர்ட்டரா?

இடம் காசிமேடு. பழைய டெஸ்க்டாப், ஜி41 மதர்போர்டு, 19 இன்ச் சிசிஎஃப்எல் (திரைக்கு வெளிச்சம் தர உள்ளே மெல்லிசான டியூப் லைட் இருக்கிற வகை) எல்சிடி மானிட்டர். ஒரு மாசமா இதே தொல்லை: ஆன் பண்ணா படம் லேசா செவந்து வந்து 2 செகண்டில் இருட்டு. பவர் லைட் எரியுது. டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சா ஐகான் எல்லாம் மங்கலாத் தெரியுது. வேற மானிட்டர் மாட்டினா சுத்தமா வருது, அதனால சிபியு, கேபிள் மேல சந்தேகம் இல்லை.

பவர் போர்டில் உப்பியிருந்த 25 வோல்ட் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ரெண்டும் மாத்தியாச்சு. அந்த டியூப்களை எரிய வைக்கிற இன்வெர்ட்டர் சர்க்யூட்டுக்கு 14 வோல்ட் ஆடாம வருது. கடல் காத்துல பச்சை பூத்த கனெக்டரையும் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) போட்டுத் துடைச்சாச்சு. பேனலையே மாத்துங்கன்னு மட்டும் சொல்லாதீங்க, அந்தக் காசுக்கு செகண்ட்ஹேண்ட் மானிட்டரே கிடைக்கும்.

4 டியூப்ல ஒண்ணு போனாலே இன்வெர்ட்டர் கட் பண்ணிடும். கையில மாத்து டியூப் இல்லாம, பழுது டியூப்லயா, இன்வெர்ட்டரோட டிரான்ஸ்ஃபார்மர்லயான்னு எப்படி உறுதி பண்றது?