கையால் ஓட்டினால் ஓடுகிறது, கணினி எழுந்ததும் தானாக ஓடவில்லை: லினக்ஸ் மின்ட் ஸ்கிரிப்ட்

கோயில் தொண்டன், ஜார்ஜ்டவுன்:

வணக்கம். எங்கள் கோயில் மண்டபத்தில் ஒரு டிவியை மாட்டி, அதன் பின்னால் பழைய அலுவலகக் கணினி ஒன்றை வைத்திருக்கிறோம். லினக்ஸ் மின்ட் 22, சினமன். அன்றைய பூசை நேரம், உபயக்காரர் பெயர், அன்னதானம் யாருடையது, இவை திரையில் தெரிய வேண்டும். பட்டியலைச் செயலாளர் வீட்டிலிருந்தே தயார் செய்து கூகுள் டிரைவில் போட்டுவிடுவார். நான் எழுதிய ஸ்கிரிப்ட் முதலில் எக்ஸ்செட் கட்டளையால் திரை அணையாமல் தடுக்கும், அப்புறம் ஆர்குளோன் (கூகுள் டிரைவ் போன்றவற்றிலிருந்து கோப்பு இறக்கும் கருவி) வழியாகப் புதிய பட்டியலை இறக்கும், கடைசியில் ஃபயர்ஃபாக்ஸை கியோஸ்க் முறையில் முழுத்திரையாகத் திறக்கும்.

டெர்மினலில் பாஷ் என்று தட்டி ஸ்கிரிப்டின் பெயரைக் கொடுத்தால் எல்லாம் சரியாக நடக்கிறது. ஆனால் காலை 6 மணிக்குக் குருக்கள் நடை திறந்து சுவிட்சைப் போடும்போது கணினி தானாக லாகின் ஆகி, டெஸ்க்டாப் வந்து, அப்படியே நின்றுவிடுகிறது. வெறும் வால்பேப்பர்தான்.

ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸில் ~/திரை/தொடங்கு.எஸ்ஹெச் என்று சேர்த்தேன். குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரானின் பட்டியலான க்ரான்டாபில் @ரீபூட் வரி எழுதினேன். கணினி எழும்போது ஓடும் ஆர்சி.லோக்கல் கோப்பிலும் போட்டேன். எதிலும் அசைவில்லை, பிழைச் செய்தி ஒன்றும் கண்ணில் படவில்லை. குருக்களுக்கு வயதாகிவிட்டது, அவரை டெர்மினல் திறக்கச் சொல்ல மனம் வரவில்லை. தைப்பூசமும் நெருங்குகிறது. வெள்ளித் தேர் புறப்படும் நாளில் தண்ணீர்ப் பந்தல் பொறுப்பாளர்களின் பட்டியலும் இதே திரையில் ஓட வேண்டும். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


செந்தூல் வாசி, கோலாலம்பூர்:

அண்ணே, மின்ட்டின் ஸ்டார்ட்அப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் தாமதம் என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் 20 விநாடி போட்டுப் பாருங்கள். டெஸ்க்டாப் முழுதாக எழுவதற்கு முன்பே ஸ்கிரிப்ட் ஓடிப் போயிருக்கலாம். என் உபுண்டு கணினியில் அப்படித்தான் சரியானது.


பிறை அக்கா:

தம்பி, தாமதத்தைப் பிறகு பார்க்கலாம். இப்போது நம்மிடம் இருக்கும் ஒரே தகவல் "ஒன்றும் நடக்கவில்லை" என்பது. ஸ்கிரிப்ட் தொடங்கவே இல்லையா, தொடங்கிப் பாதியில் விழுந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. நான் பாயான் லெப்பாஸில் போர்டு சோதிக்கும் வேலையில் இருந்தவள். ஒரு போர்டு செத்துக் கிடந்தால் முதலில் அதற்குக் கரண்ட் போகிறதா என்றுதான் பார்ப்போம், அதற்குப் பிறகுதான் எந்தச் சிப் என்ற பேச்சே வரும். இங்கேயும் அதையே செய்யுங்கள்.

முதல் வேலை, அந்த மூன்று இடங்களில் இரண்டைத் துடைத்துவிடுங்கள். க்ரானின் @ரீபூட் கணினி எழும்போது ஓடும், லாகினுக்காகக் காத்திருக்காது. எந்தத் திரையில் ஜன்னல் திறப்பது என்று சொல்லும் டிஸ்ப்ளே மாறி அதற்குக் கிடைக்காது. கட்டளைகளைத் தேடும் பாத் பட்டியலும் மிகக் குறுகியது, /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டுதான். ஃபயர்ஃபாக்ஸ் அங்கிருந்து திறக்க வழியில்லை. ஆர்சி.லோக்கல் ரூட் என்ற நிர்வாகப் பயனராக ஓடுகிறது. உங்கள் ஆர்குளோனின் கூகுள் அனுமதி உங்கள் வீட்டு அடைவில் .கான்ஃபிக் உள்ளே இருக்கிறது, ரூட் அதை அங்கே தேடாது. திரையில் ஒன்றைக் காட்டும் வேலைக்கு ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ்தான் சரியான இடம். அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அதே பட்டியலில் புதிதாக ஒரு வரி சேருங்கள். காலிக் கோப்பை உருவாக்கும் டச் கட்டளையின் முழுப் பாதை, ஒரு இடைவெளி, பிறகு உங்கள் வீட்டு அடைவில் இதுவரை இல்லாத ஒரு புதுக் கோப்பின் முழுப் பாதை. அவ்வளவுதான். கூடவே உங்கள் ஸ்கிரிப்டில் ஷெபாங் வரிக்கு (#! என்று தொடங்கும் முதல் வரி) நேர்கீழே எக்ஸெக் வரி ஒன்றைப் போட்டு, ஸ்கிரிப்டின் வெளியீடு, பிழை இரண்டையும் ஒரு லாக் கோப்புக்குத் திருப்புங்கள். அடுத்த வரியில் செட் -எக்ஸ் எழுதினால் ஓடும் ஒவ்வொரு கட்டளையும் அதில் பதிவாகும். கணினியை மறுபடி எழுப்பிவிட்டு, டச் கோப்பு வந்ததா, லாக் கோப்பு வந்ததா, இரண்டையும் சொல்லுங்கள். வீட்டு அடைவில் .எக்ஸ்செஷன்-எரர்ஸ் என்று மறைந்த கோப்பு ஒன்றும் இருக்கும், அதன் கடைசிப் பகுதியையும் பாருங்கள்.

இன்னும் இரண்டு கேள்வி. கையால் ஓட்டும்போது எப்போதும் பாஷ் என்று முன்னால் சேர்த்துத்தான் ஓட்டுகிறீர்களா? இணையம் கம்பியிலா, வைஃபையிலா?


கோயில் தொண்டன்:

அக்கா, டச் கோப்பு வந்துவிட்டது, லாக் கோப்பு வரவில்லை. எப்போதும் பாஷ் சேர்த்துத்தான் ஓட்டுவேன். இணையம் வைஃபை, அலுவலக அறையில் இருக்கும் ரவுட்டரிலிருந்து.


பிறை அக்கா:

நல்லது, பாதி வேலை முடிந்தது. ஸ்டார்ட்அப் பட்டியல் ஒழுங்காக வேலை செய்கிறது. உங்கள் ஸ்கிரிப்டின் முதல் வரிகூட ஓடவில்லை. ஆகவே எக்ஸ்செட், ஆர்குளோன், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். தவறு அந்த ஸ்டார்ட்அப் வரியிலும் கோப்பின் அனுமதியிலும்தான் இருக்க முடியும்.

ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸில் நீங்கள் சேர்ப்பது .கான்ஃபிக் உள்ளே ஆட்டோஸ்டார்ட் அடைவில் ஒரு .டெஸ்க்டாப் கோப்பாகப் போய் உட்கார்கிறது. அதன் எக்ஸெக் வரியை ஷெல் (டெர்மினலில் தட்டும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல், பாஷ் அதில் ஒன்று) படிப்பதில்லை. அலைக்குறியை (~) வீட்டு அடைவாக விரிப்பதும், டாலர் போட்ட மாறிக்கு மதிப்பு வைப்பதும் ஷெல்லின் வேலை. சில டெஸ்க்டாப்கள் அலைக்குறியை விரித்துக் கொடுக்கும், சில கொடுக்காது, அதை நம்பி எழுதக் கூடாது. /ஹோம் என்று தொடங்கி முழுப் பாதையையும் எழுதுங்கள்.

நான் பாஷ் பற்றிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. முன்னால் பாஷ் சேர்த்தால் ஓடுவது பாஷ் நிரல், உங்கள் கோப்பை அது வாசிக்க மட்டும் செய்கிறது. கோப்புக்கு ஓடும் அனுமதி இல்லாவிட்டாலும் தெரியாது. ஸ்டார்ட்அப் உங்கள் கோப்பையே நேராக ஓட்டப் பார்க்கிறது, அங்கே அனுமதி கட்டாயம். சிஎச்மாட் +எக்ஸ் கொடுங்கள். இல்லையென்றால் கோப்பு மேலாளரில் அதன் பண்புகளைத் திறந்து, நிரலாக ஓட அனுமதி என்பதை டிக் செய்யுங்கள். ஸ்கிரிப்ட் பென்டிரைவில் இருந்தால் வீட்டு அடைவுக்கு நகர்த்திவிடுங்கள், ஃபேட் வகை வட்டில் இந்த அனுமதியை எழுதி வைக்க இடமே கிடையாது.

இதை முடித்துவிட்டு வாருங்கள். லாக் இப்போது பேசும்.


கோயில் தொண்டன்:

பேசியது அக்கா! ஃபயர்ஃபாக்ஸ் தானாகத் திறந்தது, குருக்களுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் பட்டியல் நேற்றையது. லாக்கில் ஆர்குளோன்: கமாண்ட் நாட் ஃபவுண்ட் என்று இருந்தது. டெர்மினலில் அதே கட்டளை ஓடுகிறது. ஆர்குளோனை என் வீட்டு அடைவில் கருவிகள் என்ற அடைவுக்குள் இறக்கி, அந்தப் பாதையை .பாஷ்ஆர்சி கோப்பில் பாத்துடன் சேர்த்திருக்கிறேன்.

முழுப் பாதையைக் கொடுத்து மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை கூகுள் முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று லாக்கில் வரிசையாகப் பிழைகள். ஃபயர்ஃபாக்ஸும் வெகுநேரம் கழித்துத்தான் திறந்தது. அதற்குள் திரையில் கீரிங் கடவுச்சொல் கேட்டு ஒரு பெட்டி வேறு வந்து நின்றது. செந்தூல் அண்ணன் சொன்ன தாமதத்தை இப்போது போடலாமா?


பிறை அக்கா:

முதலில் பாத் விஷயம். .பாஷ்ஆர்சி நீங்கள் எதிரில் உட்கார்ந்து தட்டும் டெர்மினலுக்கான கோப்பு. மின்ட், உபுண்டு இரண்டும் தரும் .பாஷ்ஆர்சியின் தலையிலேயே, ஆள் உட்காராத ஷெல்லாக இருந்தால் இத்தோடு திரும்பிப் போ என்று ஒரு சோதனை இருக்கிறது. ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் அதைப் பார்ப்பதே இல்லை. லாகின் சமயத்தில் படிக்கப்படுவது .புரொஃபைல், பாத்தை அங்கே சேர்க்கலாம். ஆனால் ஸ்கிரிப்டுக்குள் முழுப் பாதையை எழுதுவதையே நான் எப்போதும் விரும்புவேன், நாளைக்கு வேறு தொண்டர் வந்து திறந்து பார்த்தாலும் எது எங்கே என்று புரியும்.

கீரிங் பெட்டிதான் வைஃபை கேள்விக்குப் பதில். கீரிங் என்பது கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் பெட்டகம். கடவுச்சொல் தட்டி லாகின் செய்தால் அதே சொல்லால் கீரிங்கும் திறந்துகொள்ளும். தானாக லாகின் ஆகும் கணினியில் யாரும் எதையும் தட்டவில்லை, அதனால் கீரிங் பூட்டியே கிடக்கும். வைஃபை கடவுச்சொல் அந்தப் பயனருக்கு மட்டும் என்று சேமிக்கப்பட்டிருந்தால் அது கீரிங்குக்குள்தான் இருக்கும், யாராவது வந்து திறக்கும்வரை இணையம் கிடையாது. நெட்வொர்க் இணைப்புத் திருத்தியில் உங்கள் வைஃபையைத் திறந்து, பொது என்ற பக்கத்தில் எல்லாப் பயனர்களும் இந்த நெட்வொர்க்கில் இணையலாம் என்பதை டிக் செய்யுங்கள். வைஃபை பாதுகாப்புப் பக்கத்தில் கடவுச்சொல்லையும் எல்லாப் பயனர்களுக்கும் என்று சேமியுங்கள். அது சிஸ்டத்தின் கோப்புக்குப் போய்விடும், லாகினுக்கு முன்பே இணைப்பு கிடைக்கும். அலுவலக அறையிலிருந்து ஒரு கம்பி இழுக்க முடிந்தால் இன்னும் மேல். கூட்டம் நிற்கும் நாளில் வைஃபையை நான் நம்ப மாட்டேன்.

தாமதம் வேண்டாம் தம்பி. ரவுட்டரும் கணினியும் ஒரே நேரத்தில் எழுந்தால் ரவுட்டருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. மின்சாரம் போய் வந்த காலையில் 20 விநாடி போதாது, சாதாரண காலையில் அந்த 20 விநாடியும் வீண். கணிப்பதற்குப் பதிலாகக் கேட்டுப் பாருங்கள். ஆர்குளோன் வெற்றி என்று திரும்பும்வரை பத்து விநாடிக்கு ஒருமுறை மறுபடி ஓட்டும் அன்டில் சுழற்சி ஒன்றை எழுதினால் போதும். என்எம்-ஆன்லைன் என்று ஒரு கட்டளை இருக்கிறது, ஆனால் ரவுட்டருடன் இணைப்புக் கிடைத்ததும் அது திருப்தியடைந்துவிடலாம், ரவுட்டருக்கு அப்பால் இணையம் வந்ததா என்பது வேறு விஷயம். இறக்கும் வேலை முடிந்ததா என்பதுதான் நமக்குத் தேவையான சோதனை.

வரிசையையும் மாற்றுங்கள். எக்ஸ்செட், உடனே ஃபயர்ஃபாக்ஸ், அதன் வரிக் கடைசியில் ஆம்பர்சண்ட் குறி போட்டுப் பின்னணிக்கு அனுப்புங்கள், அதற்குப் பிறகுதான் இறக்கும் சுழற்சி. இணையம் வராத நாளிலும் பழைய பட்டியலாவது திரையில் நிற்கும். உபயக்காரர் பெயர் ஒரு நாள் பழையதாக இருந்தாலும் பூசை நேரம் பெரும்பாலும் அதேதான், வெறும் வால்பேப்பரைப் பார்த்து நிற்பதைவிடப் பக்தர்களுக்கு அது உதவும்.


செந்தூல் வாசி:

அக்கா சொன்னது சரி, என் கணினியில் தாமதம் வேலை செய்ததற்குக் காரணம் வேறாக இருந்திருக்கலாம், நானும் லாக் போட்டுப் பார்க்கிறேன். அண்ணனுக்கு ஒரு மாற்று வழி: சிஸ்டம்டி யூசர் சர்வீஸ். சிஸ்டம்டி என்பது லினக்ஸில் நிரல்களைத் தொடங்கிக் கண்காணிக்கும் அமைப்பு. .கான்ஃபிக் உள்ளே சிஸ்டம்டி, அதற்குள் யூசர் என்ற அடைவில் ஒரு .சர்வீஸ் கோப்பு. ரீஸ்டார்ட் = ஆன்-ஃபெயிலியர் போட்டால் ஃபயர்ஃபாக்ஸ் இரவில் விழுந்தாலும் தானாக எழும், தனியாக லாக் எழுதாமல் ஜர்னல்சிடிஎல் --யூசர் -பி என்று தட்டினால் எல்லாம் தெரியும். டெஸ்க்டாப் எழுந்துவிட்டது என்று காட்டும் கிராஃபிக்கல்-செஷன்.டார்கெட்டுடன் அதைக் கட்ட வேண்டும்.

அப்புறம் உபுண்டு க்னோமில் இருப்பவர்கள் கவனிக்கவும், அங்கே திரையை நடத்துவது பழைய எக்ஸ் அல்ல, பெரும்பாலும் வேலாண்ட், எக்ஸ்செட்டால் திரை அணைவதைத் தடுக்க முடியாது. பவர் அமைப்பில்தான் மாற்ற வேண்டும்.


பிறை அக்கா:

செந்தூல் தம்பி சொன்ன வழி நல்ல வழி. எல்லா டெஸ்க்டாப்பும் அந்த டார்கெட்டை எழுப்புவதில்லை, அதனால் சினமனில் செய்வதற்கு முன் அது ஆக்டிவ் ஆக இருக்கிறதா என்று சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஸ்டேட்டஸ் கேட்டுப் பாருங்கள். தைப்பூசத்துக்கு முன் புதிதாக ஒன்றைக் கொண்டுவர வேண்டாம் என்பது என் எண்ணம். இப்போது ஓடுவது ஓடட்டும். சினமனின் பவர் அமைப்பிலும் திரை அணையும் நேரத்தை ஒருபோதும் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள், எக்ஸ்செட்டை மட்டும் நம்ப வேண்டாம்.


கோயில் தொண்டன்:

அக்கா, செந்தூல் அண்ணே, இன்று காலை குருக்கள் சுவிட்சைப் போட்டதும் திரை தானாக வந்தது, கடவுச்சொல் பெட்டி இல்லை. லாக்கில் ஆர்குளோன் சில தடவை தோற்று, பிறகு இறக்கி முடித்திருக்கிறது. இரண்டு பேருக்கும் மிக்க நன்றி.

ஒன்று மட்டும் பாக்கி. புதிய கோப்பு வட்டில் வந்துவிட்டது, திரையில் பழைய பட்டியலே நிற்கிறது, எஃப்5 அழுத்தினால்தான் மாறுகிறது. செயலாளர் நடுப்பகலில் அன்னதானப் பெயரை மாற்றினாலும் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.


பிறை அக்கா:

திறந்த பக்கத்தை ஃபயர்ஃபாக்ஸ் தானாகத் திரும்பப் படிக்காது. பட்டியலின் எச்டிஎம்எல் தலைப்பகுதியில் மெட்டா ரிஃப்ரெஷ் வரி ஒன்றைச் சேர்த்து 300 என்று கொடுக்கச் சொல்லுங்கள், 5 நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். செயலாளர் பயன்படுத்தும் மூலக் கோப்பிலேயே அது இருக்க வேண்டும், உங்கள் பக்கம் சேர்த்தால் அடுத்த முறை இறங்கும் கோப்பு அதை அழித்துவிடும்.

பகலில் மாறும் பட்டியலை இறக்க, க்ரானைத் திரும்பக் கொண்டுவரலாம். கோப்பை இறக்குவதற்குத் திரை வேண்டாம், டிஸ்ப்ளே வேண்டாம், இந்த வேலைக்கு அது மிகப் பொருத்தம். உங்கள் பயனரின் க்ரான்டாபில், ரூட்டுடையதில் வேண்டாம், 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஆர்குளோன் வரி மட்டும். மறக்காமல் முழுப் பாதையோடு எழுதுங்கள், கடைசியில் அதே லாக் கோப்புக்குத் திருப்பிவிடுங்கள்.