ரேட்டிங் பார்த்துப் பார்த்தே செஸ் கசந்துபோச்சு, என்ன பண்ணலாம்?

கேள்வி: லிசெஸ் செஸ் தளத்தில் 3+0 (ஆளுக்கு 3 நிமிஷம், நகர்வுக்குக் கூடுதல் நேரம் கிடையாது) ரேட்டட், அதாவது ரேட்டிங் ஏறி இறங்குற ஆட்டம் மட்டும்தான் ஆடுறேன். ஜெயிச்சா நிம்மதி, தோத்தா உடனே அடுத்தது. ரசிச்சு ஆட வழி உண்டா?

சிப்பாய்: முதல்ல எண்ணை மறைங்க. அமைப்புகள்ல ரேட்டிங் காட்டுறதை நிறுத்தலாம். ஆனா அது கண்ணுக்கு மட்டும்தான். உள்ளே ஏறி இறங்கிட்டேதான் இருக்கும். ஆட்டம் உருவாக்கும்போதே ‘கேஷுவல்’ (ரேட்டிங்கில் சேராத ஆட்டம்) போடணும். பலர் கோட்டை விடுறது இங்கதான்.

யானை64: நேரமும் காரணம். 3+0-ல ஜெயிக்கிற நிலையிலயும் நேரம் தீர்ந்தா தோல்வி. 15+10 ஆடுங்க, நகர்வுக்கு 10 விநாடி கூடும். 40 நகர்வுன்னா ஆளுக்கு 21 நிமிஷம் 40 விநாடி. ஒரு நாளைக்கு ரெண்டு ஆட்டம் போதும். முடிஞ்சதும் எஞ்சினை (ஆட்டத்தை அலசுற கணினி நிரல்) தட்டாதீங்க. எங்க சறுக்குச்சுன்னு நீங்களே தேடுங்க.

குதிரைக்காரன்: மனப்பாட ஓப்பனிங்தான் (தொடக்க நகர்வுகள்) சலிப்புன்னா செஸ்960. முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் 1996-ல அறிவிச்சது. பின்வரிசை 960 விதமா மாறும். ராஜா எப்பவும் ரெண்டு யானைக்கும் நடுவுல. சில அமைப்புல தொடக்கத்துலயே காவலில்லாத சிப்பாய் இருக்கும், முதல்ல அதைப் பாருங்க. கோட்டை கட்டுறதுலதான் (காஸ்லிங்) குழப்பம்: ராஜா எங்கிருந்து கிளம்பினாலும் வெள்ளைக்கு சி1 அல்லது ஜி1 கட்டத்துலதான் நிக்கும்.

கேட்டவர்: கேஷுவல்ல எதிராளி பாதியிலயே ஓடிடுறாங்களே?

சிப்பாய்: ஓடுவாங்க சார். தெரிஞ்சவங்களுக்கு லிங்க் அனுப்பி ஆடுங்க.