ஆஸ்பாரகஸ் தண்டு தடிக்கவில்லை: அறுக்கலாமா?

கேள்வி:
கோத்தகிரியில் வீட்டுத் தோட்டத்தில் விதையிட்டு வளர்த்த ஆஸ்பாரகஸ் (இளந்தண்டைக் காய்கறியாகச் சமைத்துண்ணும் செடி) செடிகளுக்கு இரண்டு வயதாகிறது. முளைக்கும் தண்டுகள் ஈர்க்குச்சியைவிடச் சற்றே தடித்திருப்பதால், அறுப்பதா விட்டுவிடுவதா என்று தெரியவில்லை.

பதில் 1:
இந்த ஆண்டு கத்தியை எடுக்காதீர்கள், ஐயா. தண்டு நீண்டு, மெல்லிய பசுந்தழையாக விரிந்து, வெயிலில் சேர்க்கும் உணவை வேருக்கு அனுப்பினால்தான் அடுத்த ஆண்டுத் தண்டு தடிக்கும். மூன்றாம் ஆண்டில் சில வாரங்கள் மட்டும் அறுங்கள்.

பதில் 2:
முன்னவர் சொன்னது சரியே. ஆயினும் குளிர்நாடுகளில் தழை காய்ந்து செடி உறங்குவதுபோல் நம் மலையில் முழுமையாக உறங்காது என்பதால், தாய்லாந்திலும் தைவானிலும் செய்வதுபோல, ஒவ்வொரு தூரிலும் நான்கைந்து தண்டுகளைத் தாய்த்தண்டுகளாக வளரவிட்டு, பிறகு வருபவற்றை மட்டும் அறுப்பது நல்லது. சிவப்புப் பழம் பிடிப்பவை பெண்செடிகள். அவற்றில் விளைச்சல் பொதுவாகக் குறைவு.

பதில் 3:
பாத்தி மேடாக இருக்கிறதா? என் முதல் பாத்தியில் மழைநீர் தேங்கி, தோண்டிப் பார்த்தபோது வேர்கள் கூழாகிக் கையோடு வந்தன. நம் தண்ணீர்விட்டான் கொடியும் இதே பேரினம்தான்; ஆனால் அதைக் கிழங்குக்காகவே வளர்க்கிறோம்.

கேட்டவர்:
பாத்தி தாழ்வாகத்தான் இருக்கிறது. மழைக்கு முன் வடிகால் வெட்டிவிடுகிறேன்.