மின்சாரம் நின்ற பின் கடல்நீர் எங்கே போகிறது? பெங்களூரு வீட்டுத் தொட்டி அனுபவங்கள்

அல்சூர்வாசி எழுதியது:

மனத்தை விட்டுப் போகாத ஓர் இரவைப் பற்றி எழுதுகிறேன். கடல்மீன் வளர்க்கும் என் கண்ணாடித் தொட்டி 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். அதன் அடியிலுள்ள அலமாரிக்குள் 3 அடி நீளத்தில் சம்ப், அதாவது தொட்டியிலிருந்து வடிகுழாய் வழியாக இறங்கும் நீரைப் பிடித்து, பம்ப் மூலம் மறுபடி மேலே அனுப்பும் கண்ணாடிப் பெட்டி. உப்பின் அளவு ஆயிரத்துக்கு 35, வெப்பம் 26 டிகிரி, மூன்று மாதமாக ஒரு சொட்டுக் கசிவு இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிலையை மட்டுமே பார்த்து, குழாய் வேலை சரியாக அமைந்துவிட்டது என்று நான் நம்பியிருந்தேன்.

ஏப்ரலில் மாங்காய் மழை பிடித்த ஓர் இரவு, மின்விசிறி நின்றதால் விழித்துக்கொண்டேன். மணி இரண்டிருக்கும். கூடத்திலிருந்து, சரித்து வைத்த குடத்தில் நீர் வடிவதுபோல மெல்லிய, இடைவிடாத சத்தம் வந்தது. கைப்பேசி வெளிச்சத்தில் அலமாரிக் கதவைத் திறந்தபோது, சம்பிலிருந்த நீர் கண்ணாடி விளிம்பைவிட ஒரு நூல் உயரமாகப் பொங்கி, விழாமல் நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மூலையில் அது உடைந்தது. பிறகு நான்கு பக்கமும் வழியத் தொடங்கியது.

பம்ப் நீரை மேலே ஏற்றிய அதே குழாய் வழியாக, பம்ப் நின்றதும் தொட்டி நீர் தானாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ரிட்டர்ன் குழாய் என்னும் அந்தக் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு ஐந்து அங்குலம் கீழே வைத்திருந்தோம். அந்த வாய் காற்றைத் தொடும்வரை இறக்கம் நிற்காது. என் தொட்டியில் ஓர் அங்குல நீர் என்பது ஒரு கன அடி, அதாவது 28 லிட்டர். ஐந்து அங்குலத்துக்கு 140 லிட்டர். சம்பில் காலியாக இருந்த இடமோ 60 லிட்டருக்குத்தான். குழாய் வாயைப் பிடித்து நீருக்கு மேலே வளைத்த பிறகே, பெரியதொரு விக்கல்போல ஒலி எழுந்து எல்லாம் அடங்கியது.

காலையில் கீழ் வீட்டு அம்மா, தம் கூடத்தின் மேற்கூரையிலிருந்து விழும் சொட்டுகளுக்கு அடியில் பித்தளைக் குடத்தை வைத்திருந்தார். விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்புக் கரிக்கிறதே, தம்பி" என்று மட்டும் சொன்னார். கடல்நீர் கூரைக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும் என்பது எனக்குத் தெரிந்ததனால், அந்த ஒரு வரி இன்றும் நெஞ்சில் இருக்கிறது.

நெய்தல் எழுதியது:

ஐயா, எனக்கு நடந்தது தொட்டியில் நீர் நிரப்புவதற்கு முன்பே. நான் தூத்துக்குடிக்காரி, ராமமூர்த்தி நகரில் ஆறு குடித்தனங்கள் உள்ள கட்டடத்தில் இருக்கிறோம். பெங்களூரில் சம்ப் என்றால் வாசலில் தரைக்குள் கட்டிய குடிநீர்த் தொட்டி என்பதை அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. "ஓவர்ஃப்ளோ குழாயைச் சம்புக்கு இறக்கிவிடுங்கள் அண்ணா" என்று பிளம்பரிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டு அலுவலகத்தில் இருந்துவிட்டேன்.

மாலையில் வந்து பார்த்தால், ஒன்றரை அங்குல வெள்ளைக் குழாய் எங்கள் சன்னல் வழியாக வெளியேறி, மூன்றடிக்கு ஒரு கிளாம்ப் அடித்து, வெளிச்சுவர் நெடுகிலும் மிக ஒழுங்காக இறங்கி, வாசல் சம்பின் இரும்பு மூடியை அரைவாசி விலக்கிக்கொண்டு உள்ளே தொங்கியது. அவர் செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை. ஒரு மூட்டுகூட வளையவில்லை. மறுநாள் காலையில் 25 கிலோ உப்பைக் கரைத்து ஊற்றுவதாக இருந்தோம். ஆறு வீட்டுக் குழந்தைகளும் குடிக்கும் நீர் அது. இப்போது யாரிடமும் நான் சம்ப் என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. அலமாரிக்குள் இருக்கும் கண்ணாடிப் பெட்டி என்று சொல்லி, தாளில் படம் வரைந்து, அதன்மேல் அம்புக்குறி போட்டுக் கொடுக்கிறேன்.

பதினெட்டாம் கிராஸ் எழுதியது:

அல்சூர்வாசி அவர்கள் ரிட்டர்ன் குழாயில் ஒரு செக் வால்வு போட்டிருந்தால் இது நடந்தே இருக்காது. நீரை ஒரு திசையில் மட்டும் விடும் அந்த வால்வுக்கு ஆகும் செலவு, கீழ் வீட்டுக் கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கும் செலவில் கால்வாசிகூட இராது.

என் அனுபவம் சிறியது. மல்லேஸ்வரம் வீட்டில், அறுவை சிகிச்சைக்குப் பின் கூடத்தில் படுத்திருந்த என் தந்தையார், தொட்டியின் ஒற்றை வடிகுழாய் எழுப்பிய 'களக், களக்' சத்தத்தில் நான்கு இரவுகள் உறங்கவில்லை. ஐந்தாம் நாள், "அந்தக் கடலைக் கொஞ்சம் அமர்த்தி வையப்பா" என்றார். காற்றும் நீரும் ஒரே குழாயில் முட்டிக்கொண்டு இறங்குவதால் வரும் சத்தம் அது.

புதிதாக அமைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: வடிகுழாய் குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்று முழுவதும் நீர் நிறைந்து, காற்றே இல்லாமல் உறிஞ்சி இறங்கவேண்டும். மற்றது அதைவிடச் சற்று உயரமாக, முதல் குழாயில் நத்தையோ பாசியோ அடைத்தால் மட்டும் பயன்படும்படி காலியாக நிற்கவேண்டும். ஹெர்பி முறை என்று தொட்டிக்காரர்கள் சொல்வது இதைத்தான். இடமிருந்தால் மூன்று குழாய்கள் கொண்ட பீன்அனிமல் முறைக்குப் போகலாம். முதல் குழாயின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தக் கேட் வால்வுதான் ஏற்றது. பால் வால்வில் கைப்பிடியை மயிரிழை அசைத்தாலும் நீர்மட்டம் எகிறிவிடும், கேட் வால்விலோ பலமுறை திருகி மெதுவாக நிலைநிறுத்தலாம். எப்போதும் காலியாக நிற்கவேண்டிய அந்த இரண்டாவது குழாயை, அதாவது அவசரக் குழாயை, இந்த வால்வோடு இணைக்காதீர்கள். அதன்மேல் எந்த வால்வும் இருக்கக்கூடாது. வடிகுழாயின் கீழ் நுனி சம்ப் நீருக்குள் ஓர் அங்குலத்துக்கு மேல் மூழ்கியிருந்தால், மின்சாரம் திரும்பும்போது உள்ளே சிக்கிய காற்று வெளியேற வழியின்றி, உறிஞ்சல் தொடங்கத் தாமதமாகும். ஏற்கெனவே மின்தடையில் சம்ப் நீர் உயர்ந்திருக்கும் என்பதால் அந்த நுனி இன்னும் ஆழத்தில் இருக்கும். அந்தச் சில நிமிடங்களுக்கு அவசரக் குழாய்தான் தரையைக் காப்பாற்றும். குழாய்களை ஒட்டியபின் சால்வென்ட் சிமென்ட் என்னும் குழாய்ப் பசைக்கு ஒரு நாள் முழுவதும் காயும் நேரம் கொடுங்கள். பம்புக்கு இருபுறமும் யூனியன், அதாவது திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு, வையுங்கள்; இல்லையென்றால் பம்பைக் கழற்றி வினிகரில் ஊறவைக்க வேண்டிய நாளில் ரம்பத்தை எடுக்க வேண்டியிருக்கும். உறிஞ்சல் முறைக்கு மாறிய அன்று இரவு தந்தையார் ஒன்பது மணிக்கே உறங்கிவிட்டார்.

வலம்புரி எழுதியது:

பதினெட்டாம் கிராஸ் சார் வடிகுழாய் பற்றிச் சொன்ன யாவும் சரி. செக் வால்வு பற்றிச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. என் வால்வை எட்டு மாதம் கழித்துக் கழற்றினேன். உள்ளிருக்கும் மடிப்புத் தகட்டின் ஓரத்தில், அரிசி மணி அளவில் வெள்ளைச் சுருள்களாகக் குழல்புழுக்கள் கூடு கட்டியிருந்தன. தகடு மூடிக்கொள்ளவே இல்லை. நன்னீரில் அது வேலை செய்யலாம். சுண்ணாம்பைக் கட்டி வளரும் உயிர்கள் உள்ள கடல்நீரில், அதை நம்பிச் சம்பில் இடம் விடாமல் இருப்பது பெரும் ஆபத்து.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. கேட் வால்வு வாங்கச் சொல்லியிருக்கிறீர்கள். எதனால் செய்தது என்று சொல்லவில்லை. ஜெயநகரில் நான் ஏறி இறங்கிய கடைகளில் கேட் வால்வு என்றால் பித்தளையைத்தான் எடுத்து வைத்தார்கள். எங்கள் பிளம்பர் சிபிவிசி பிளாஸ்டிக் குழாயில், உள்ளே பித்தளை மரை பதித்த இணைப்புகளைப் போட்டு, "இதுதான் சார் காலத்துக்கும் உழைக்கும்" என்று மனதாரச் சொன்னார். வீட்டுக் குழாய்க்கு அது உண்மைதான்.

பத்தாவது வாரத்தில் நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று மணலில் மல்லாந்து கிடந்தன. மூன்றாம் நாள், சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு போட்ட க்ளீனர் இறால், நீளமான வெள்ளை மீசைகள் மட்டும் அசைய, பாறையிடுக்கில் ஒருக்களித்துக் கிடந்தது. கோமாளி மீன்கள் இரண்டும் வழக்கம்போல் நீந்தி உணவு உண்டன. அதனால்தான் நான் ஏமாந்தேன். மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்குத் தனித் தொட்டியில் அளவோடு தாமிரத்தையே மருந்தாகக் கொடுப்பார்கள். மீன் தாங்கும், இறாலும் நத்தையும் பவளமும் தாங்கமாட்டா. யூனியனைத் திருகிக் கழற்றியபோது மரையின் சுற்றுகள் முழுவதிலும் பச்சைக் களிம்பு. பித்தளையிலுள்ள தாமிரம் கடல்நீரில் கரைந்துகொண்டிருந்தது. வாரந்தோறும் புளி போட்டுக் குத்துவிளக்குத் தேய்க்கும் வீட்டில் பிறந்தவன் நான். பித்தளையில் களிம்பு ஏறும் என்பது எனக்குப் பத்து வயதில் தெரியும். அந்த அறிவு ஏன் இந்தத் தொட்டியின் முன் நிற்கும்போது வரவில்லை என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன்.

தாமிரத்தைப் பாறையும் மணலும் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு மெல்ல வெளிவிடும் என்பதால் இரண்டையும் அகற்றிவிட்டு, குழாய் முழுவதையும் யுபிவிசி பிளாஸ்டிக்கில், உலோகமே இல்லாத வால்வுகளோடு மறுபடி அமைத்தேன்.

நெய்தல் எழுதியது:

வலம்புரி அண்ணா, புதுப் பாறை வாங்கும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லி யாராவது பவளப்பாறை கொடுத்தால் வாங்கவேண்டாம். பாறை கட்டும் பவளங்களை 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள்; கடல்குதிரையையும் அப்போதே சேர்த்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிச் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த காலத்தைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உலர்ந்த பாறையே போதும். பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்திருந்தால், கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாகித் தொட்டி தயாராகிவிடும்.

மூன்றாம் மாடி எழுதியது:

எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் இருக்கிறேன். எனக்கு நினைவில் இருப்பது ஒரே ஒரு சத்தம். பின்பக்கக் கண்ணாடியில் துளையிட்டு, மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் டேங்க் நிப்பிள் என்னும் குழாய் இணைப்பைத்தான் போட்டோம். ஒரு சொட்டு கசிந்தது. ரப்பர் வாஷர் மரையின் பக்கம் மாறிப் போயிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. தட்டையான விளிம்பின் பக்கம் அது இருக்கவேண்டும். கசிகிறதே என்று வேலையாள் குறட்டை வைத்து இன்னொரு கால் சுற்று இறுக்கினார். 'ணங்' என்று ஒரு சத்தம்; துளையிலிருந்து மேல் விளிம்புவரை ஒரு கோடு, பென்சிலால் போட்டதுபோல. நல்லவேளையாக அப்போது தொட்டியில் அரையடி ஆர்.ஓ. நீர்தான் இருந்தது. கையால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்றுக்கு மிகாமல் நிறுத்தவேண்டும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். முதல் வாரம் உப்பில்லாத நீரை விட்டுப் பார்த்தது ஒன்றே நாங்கள் செய்த சரியான காரியம்.

பதினெட்டாம் கிராஸ் எழுதியது:

வலம்புரி அவர்களே, மாதம் ஒருமுறை கழற்றித் துலக்கினால் செக் வால்வில் எதுவும் வளராது. எனினும் சம்பில் இடம் விடவேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. எழுதும்போது அதை முதலில் சொல்லியிருக்கவேண்டும். அல்சூர்வாசி அவர்களுக்கு இன்னொன்று: வீட்டு இன்வெர்ட்டரில் ரிட்டர்ன் பம்பை இணைக்காமல், தொட்டிக்குள் நீரைச் சுழற்றும் சிறிய பம்பை மட்டும் இணையுங்கள். அது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. மீன்களுக்கு மூச்சு கிடைக்க மேற்பரப்பு அசைந்தால் போதும்.

அல்சூர்வாசி எழுதியது:

எல்லோருடைய பதிவுகளையும் இரண்டு முறை படித்தேன். செக் வால்வு போடவில்லை. ரிட்டர்ன் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே உயர்த்தி, அதற்கும் மேலே, அரை அங்குல ஆழத்தில், குழாயில் ஒரு சிறு துளையிட்டேன். நீர் அரை அங்குலம் இறங்கியதும் அத்துளை காற்றை இழுத்து உறிஞ்சலை அறுத்துவிடும். சிறு பம்பை இன்வெர்ட்டருக்கு மாற்றியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கீழ் வீட்டு அம்மாவையும் அழைத்து வந்து, அவர் கண் முன்னால் சுவிட்சை அணைத்தேன். வடிகுழாய்ப் பெட்டியில் இருந்த நீரும் குழாய்களில் நின்ற நீரும் சேர்ந்து இறங்கின. சம்ப் மெல்ல உயர்ந்தது. இரண்டு நிமிடத்தில் துளை சீறியது. நீர் விளிம்புக்கு மூன்று அங்குலம் கீழே நின்றது. மின்சாரத்தைப் போட்டு, அணைத்து, மூன்று முறை பார்த்தோம். ஓடும் நிலையில் சம்ப் நீர் நிற்கும் இடத்தில் சிவப்பு மார்க்கரால் கோடு போட்டு, ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீர் ஊற்றும்போது இதைத் தாண்டக்கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நெய்தல் எழுதியது:

ஐயா, அந்தத் துளையில் பாசி அடைக்காதா?

அல்சூர்வாசி எழுதியது:

அடைக்கும் அம்மா. ஞாயிறுதோறும் பல்குத்தும் குச்சியால் குத்திவிட்டு, சுவிட்சை ஒருமுறை அணைத்துப் பார்க்கிறேன். நேற்று மறந்துவிட்டேன், கீழ் வீட்டு அம்மா மாடியேறி வந்து, "இந்த வாரம் பார்த்தாயா, தம்பி?" என்று கேட்டார்.