மணல்மேட்டுச் சீமைக்கருவேலத்தை அகற்றிய அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். கடலோர மணல்மேடு ஒன்றில் சீமைக்கருவேலத்தை அகற்றி, பழைய செடிகளைத் திரும்பக் கொண்டுவர முயல்கிறோம். கடல் பக்கச் சரிவில் அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் இன்னும் நன்றாகப் படர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன; அங்கே கை வைக்கப் போவதில்லை. சிக்கல் எல்லாம் மேட்டுக்குப் பின்னால் இருக்கும் புதர்க்காட்டில்தான்.

வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கிறது. இயந்திரம் வைத்துப் பிடுங்கினால் மணல் கலைந்து காற்றில் பறக்கும். போதாததற்கு, இது பயறுக் குடும்பத்து மரம். வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா மூலம் மண்ணில் நைட்ரஜனைச் சேர்த்துவிடுகிறது. சத்தில்லாத மணலுக்குப் பழகிய செடிகளைவிடக் களைகளுக்குத்தான் அதில் கொண்டாட்டம். மரம் போன இடத்தில் உன்னிச்செடி என்ற களை வந்து உட்கார்ந்துகொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: ஒரேயடியாக அகற்றினீர்களா, பகுதி பகுதியாகவா? நிலமட்டத்துக்குக் கீழே தூரோடு கையால் வெட்டியது பலன் தந்ததா? அப்புறம், அடும்பு விதையின் தோல் ரொம்பக் கடினம். தேய்த்து விதைப்பதா, கொடியை வெட்டி நடுவதா, எது சீக்கிரம் பிடிக்கும்? பதிலுக்கு நடச் சவுக்கு மரம் மட்டும் வேண்டாம், அதன் சருகுக்கு அடியில் வேறெதுவும் எளிதில் தலைதூக்குவதில்லை.