பழைய மல்டி பர்ப்பஸ் மரவேலை மெஷின்: வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா?

உளிமுனை

செகண்ட் ஹேண்ட் காம்பினேஷன் மெஷின் ஒன்று கைவசம் இருக்கிறது. மோட்டார் ஒன்றே ஒன்று: 3 ஹெச்பி, சிங்கிள் ஃபேஸ். கத்தி மாட்டிச் சுழலும் கட்டர் பிளாக்கில் 12 அங்குலக் கத்தி மூன்று. மேலே சர்ஃபேஸிங் (முகத்தை மட்டமாகச் சீவுவது), அடியில் திக்னஸிங் (ஒரே தடிமனுக்குச் சீவுவது). அதே ஷாஃப்ட்டின் முனையில் 10 அங்குல ரம்பம். ரம்பத்தைக் கழற்றினால் அங்கே பிட்டைப் பிடிக்கும் சக் மாட்டித் துளை போடலாம்.

தொந்தரவுகள் மூன்று. சர்ஃபேஸ் செய்த பலகையின் கடைசி 2 அங்குலம் குழி விழுகிறது. விளிம்பு சீவிய இரண்டு பலகைகளைச் சேர்த்து வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. ரம்பத்தில் நீளவாக்கில் அறுத்தால் பாதியில் மரம் பிளேடைக் கவ்வுகிறது. போதாக்குறைக்கு ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற கால் மணி நேரம் போய்விடுகிறது. செய்வது கட்டில், மேசை, ஜன்னல் சட்டம். பிளைவுட் வேலை குறைவு. இடம் 12க்கு 14 அடி. இதை விற்றுவிட்டுத் தனித்தனி மெஷின் வாங்கலாமா?

வார்ப்பிரும்பு

மெஷின் முழுவதையும் ஒன்றாக வைத்து முடிவெடுக்காதீர்கள். இந்த வகையில் விலைமதிப்பு இருப்பது 12 அங்குல சர்ஃபேஸரிலும் திக்னஸரிலும்தான். அந்த அகலத்தில் தனியாகத் தேடினால் தெரியும். ரம்பம் இலவச இணைப்பு மாதிரி, துளை சக் அதற்கும் கீழே. கட்டர் பிளாக் நிமிடத்துக்கு 4,800 சுற்றில் ஓடினால் சக்கும் அதே வேகம்தான். 12 மிமீ பிட்டை விட்டால் மரம் கருகும்.

நீங்கள் சொன்ன முதல் இரண்டு குறையும் செட்டிங் குறைதான். விற்கும் முன் மூன்று அளவு எடுங்கள். எல்லாமே மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு.

1) பின் டேபிள் (சீவிய பலகை வெளியேறும் பக்கம்) மீது நேரான மரக்குச்சி ஒன்றை வைத்து, பிளாக்குக்கு மேலே நீட்டி, பிளாக்கைக் கையால் ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்றுங்கள். கத்தி குச்சியைத் தூக்கி 3 மிமீ அளவுக்கு முன்னே தள்ள வேண்டும். 8, 10 மிமீ தள்ளினால் பின் டேபிள் கத்தியைவிடத் தாழ்ந்திருக்கிறது. பலகையின் வால் முன் டேபிளை விட்டு நழுவியதும் கீழே விழுந்து குழி வெட்டும். உங்கள் 2 அங்குலக் குழி அதுதான். மாறாக, தொடவே இல்லையென்றால் பின் டேபிள் உயரம்; பலகையின் முகப்பு அதன் விளிம்பில் முட்டி நிற்கும். மூன்று கத்தியையும் இரண்டு ஓரத்திலும் பாருங்கள். ஆறு அளவும் ஒத்துப்போகவில்லை என்றால் முதல் வேலை கத்தியைச் சரிசெய்வது, பின் டேபிளின் உயரத்தைத் தொடுவது பிறகு.

2) முன் டேபிளைப் பின் டேபிளின் மட்டத்துக்கு ஏற்றி, 1 மீட்டர் நேர்விளிம்பை இரண்டின் மேலும் நீளவாக்கிலும் மூலைவிட்டமாகவும் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். வெளிமுனையில் 0.1 மிமீக்கு மேல் நுழைந்தால் டேபிள் தொங்குகிறது. முனைகள் தொங்கினால் சீவிய விளிம்பு நடுவில் குழியும், முனைகள் தூக்கியிருந்தால் நடுவில் மேடு தட்டும். இரண்டு பலகையைச் சேர்க்கும்போது பிழை இரட்டிப்பாகத் தெரியும். அதனால் நீங்கள் பார்க்கும் வெளிச்சத்தில் பாதிதான் உண்மையான குறை.

3) பெல்ட்டைக் கழற்றி பிளாக்கைச் சுழற்றுங்கள். மணல் அரைபடும் சத்தம் இருந்தால் பேரிங் போய்விட்டது. ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் இருந்தால் பிளாக்கின் உருண்டைப் பகுதியில் வைத்துப் பாருங்கள், 0.05 மிமீக்குள் இருக்க வேண்டும். பேரிங் மாற்றிவிடலாம். ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இடமே தேய்ந்து புதுப் பேரிங்கும் தளர்வாக நின்றால் மட்டும் விற்பதைப் பற்றி யோசியுங்கள். டேபிளில் விரிசல் இருந்தாலும் அப்படியே.

பிளாக் சதுரமா உருண்டையா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். சதுரம் என்றால் நான் மேற்கொண்டு ஒரு வார்த்தையும் சொல்லப்போவதில்லை. விரல் போகும் வகை அது, பழைய இரும்புக்குத்தான் போக வேண்டும்.

சீவல்குவியல்

நான் விற்கச் சொல்வேன். காரணம் துல்லியம் அல்ல, ரம்பம். இந்த அமைப்பில் கத்தியும் ரம்பமும் ஒரே ஷாஃப்ட். இழைக்கும்போது பக்கத்தில் 10 அங்குலப் பிளேடு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், அறுக்கும்போது கட்டர் பிளாக் சுற்றும். ஒவ்வொரு முறையும் பிளேடைக் கழற்ற வேண்டும் என்றால் ஒரு கட்டத்தில் யாரும் கழற்றமாட்டார்கள். பிளேடு ஏறாது, இறங்காது, சாயாது, டேபிள்தான் சாயும். கனமான சட்டத்தைச் சாய்ந்த டேபிளில் தள்ளுவது லேசான காரியமா? இடத்தைப் பொறுத்தும் கணக்கு தப்புகிறது. மெஷின் சின்னதுதான், ஆனால் 7 அடிச் சட்டம் இழைக்க முன்னே 7, பின்னே 7 அடி வேண்டும். 14 அடி அறையில் அதுவே முழு நீளம், மெஷினைச் சரியாக நடுவில் போட்டால்தான் நடக்கும்.

வார்ப்பிரும்பு

ரம்பத்தைப் பற்றிச் சொன்னது சரி. அதற்காக மெஷினை விற்க வேண்டியதில்லை, ரம்பத்தை மட்டும் ஓய்வு கொடுத்து உட்கார வைத்தால் போதும். நீளவாக்கில் அறுக்கத் தனி டேபிள் ரம்பமோ பேண்ட் ரம்பமோ வாங்கினால், இது இழைப்பு மெஷினாக மட்டும் நிற்கும். மாற்றும் கால் மணி நேரமும் மிச்சம்.

அதுவரை ஓட்டியாக வேண்டும் என்றால் பிளேடுக்குப் பின்னால், அறுத்த பிளவு மூடாமல் தாங்கும் பிளப்புத் தகடு மாட்டுங்கள். மரம் கவ்வுவதற்கு அது இல்லாததும், மரத்துக்கு வழிகாட்டும் ஃபென்ஸ் பின்பக்கம் பிளேடை நோக்கிச் சாய்ந்திருப்பதும்தான் வழக்கமான காரணம். இங்கே பிளேடு நகராத பிளேடு என்பதால் தகட்டை நேரே பாடியில் போல்ட் போட்டு நிறுத்தலாம். அறுப்பு அகலம் 3.2, பிளேடின் உடல் 2.2 என்றால் தகடு 2.5 மிமீ. பல்லிலிருந்து இடைவெளி 3 முதல் 8 மிமீ. ஃபென்ஸை சோதிக்க ஒரே பல்லில் குறி போட்டு, முன்னாலும் பின்னாலும் அந்தப் பல்லிலிருந்தே அளக்க வேண்டும். வேறு வேறு பல்லில் அளந்தால் பிளேடின் ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். பின்பக்கம் 0.1 மிமீ விலகலாம், நெருங்கக் கூடாது.

உளிமுனை

பிளாக் உருண்டைதான். அளவுகள்: கத்தி குச்சியை 9, 9, 4 மிமீ தள்ளுகிறது, இரண்டு ஓரத்திலும் கிட்டத்தட்ட அதே. பின் டேபிளின் வெளிமுனை 0.15 மிமீ தாழ்வு, முன் டேபிள் சரி. ஆட்டம் 0.02. பேரிங்கில் சத்தம் இல்லை.

வார்ப்பிரும்பு

அப்படியென்றால் விற்காதீர்கள். முதலில் பின் டேபிளின் பக்கத்து கிப் திருகுகளை (டேபிளைத் தடத்தில் ஆடாமல் பிடிக்கும் திருகுகள்) இறுக்கி மறுபடி அளங்கள், பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். தொங்கல் குறையவில்லை என்றால் டேபிள் வழுக்கும் தடத்தில், வெளிமுனைப் பக்கம் பித்தளைத் தகடு வையுங்கள். டேபிள் நீளம் 600, தடத்தின் நீளம் 300 மிமீ என்றால் நுனி 0.15 ஏற சுமார் 0.075 தகடு போதும். தடித்த தகடு வைத்துவிட்டு இன்னும் ஏன் சரியாகவில்லை என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

பிறகு கத்தி. மூன்றையும் வெளியே எடுத்துச் சாணை பிடியுங்கள், எடைபோட்டால் ஒரு கிராமுக்குள் ஒத்துவர வேண்டும், இல்லாவிட்டால் அதிரும். பிளாக்கிலிருந்து 1 மிமீ வெளியே நிற்கட்டும். கத்தியை இறுக்கும் ஆப்பு போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரமாக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். ஒரே மூச்சில் இறுக்கினால் கத்தி மேலே எழும்பும். அந்த 4 மிமீ கத்தி தாழ்ந்து நிற்பதும் பழைய இறுக்கலில் மற்ற இரண்டும் எழும்பியதால் இருக்கலாம். கத்தி முடிந்த பிறகே பின் டேபிளை 3 மிமீ குச்சி அளவுக்கு ஏற்றுங்கள்.

திக்னஸிங்கில் 12 அங்குல அகலப் பலகையை ஒரு தடவைக்கு 1 மிமீக்கு மேல் கொடுக்காதீர்கள். 3 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மூச்சு வாங்கும், கெப்பாசிட்டர்தான் அடி வாங்கும்.

சீவல்குவியல்

அளவு இப்படி வந்தால் நானும் வைத்துக்கொள்ளச் சொல்வேன், ரம்பப் பிளேடு நிரந்தரமாகக் கழன்றிருந்தால் மட்டும். சாதாரண ஸ்விட்ச் என்றால் கரன்ட் போய் வந்தால் தானாக ஓடாத நோ வோல்ட் ஸ்விட்சாக மாற்றிவிடுங்கள். மெஷினை அறையின் நடுவுக்கு நகர்த்தும்போது டேபிளைப் பிடித்துத் தூக்க வேண்டாம், பாடியில் கயிறு கட்டுங்கள். இப்போது வைக்கப்போகும் தகடெல்லாம் ஒரே தூக்கில் வீணாகிவிடும்.